கிரேன் ஓட்டுநர் கேட்ட சான்றிதழ்

"வேலைக்குத் தகுதியில்லைன்னு எழுதிக் குடுங்க டாக்டர்."

கிரேன் ஓட்டுநர் நீட்டிய விரல்கள் லேசாக நடுங்கின. டாக்டர் சோதித்துப் பார்த்தார். நரம்புக் கோளாறுதான்.

"கம்பெனில கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"யாருக்கும் தெரியாது. நானாத்தான் வந்தேன்."

"அவசரப்படாதீங்க. மாத்திரை போட்டுக்கிட்டு ரெண்டு மூணு வருஷம் சமாளிக்கலாம். பொண்ணுங்க ரெண்டு பேரும் படிக்கிறாங்கன்னு சொன்னீங்களே?"

"படிக்கிறாங்கதான். ஆனா கீழ நாலு பேர் என்னை நம்பி நிக்கிறாங்க டாக்டர். இரும்பு விழுந்தா, கயிறு அறுந்துடுச்சுன்னு ஊரை நம்ப வச்சிடலாம். அப்புறம் நான் எப்படி வீட்ல போய்ச் சோறு திங்கிறது?"

டாக்டர் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தார். நர்ஸ் சான்றிதழை எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார்.

பேனாவைப் பிடித்ததும் டாக்டரின் விரல்கள் ஓட்டுநருடையதைவிட மோசமாக உதறின. ஆறு மாதமாக அதே மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் அவர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

ஓட்டுநர் அந்தக் கையைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது டாக்டருக்கு.

"நாளைக்கு எனக்கு ஆபரேஷன் எதுவும் போடாதீங்க சிஸ்டர்," என்றார், தலையை நிமிர்த்தாமலேயே. "இனிமே எப்பவும் வேணாம்."