ஆளை அளக்கும் பாம்பு

கதவைத் திறந்த மருதப்பன் முழித்த முழியே சரியில்லை. வனவிலங்கு அதிகாரி என்று சொல்லி ரக்ஷனா தன் அட்டையைக் காட்டி முடிப்பதற்குள், "அந்த ரூம்ல இருக்கு," என்றார். நெற்றி வேர்வை காதோரமாக இறங்கியது.

"என்ன இருக்கு?"

"பாம்புதான். வேற எதுக்கு வரப் போறீங்க?"

சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்ப்பது குற்றம் என்பது யாருக்குத் தெரியாது? மாட்டிக்கொள்கிறவன் முதலில் இல்லை என்பான். அப்புறம் மலேசியாவில், ஜொகூரில் இருக்கும் நண்பனுடையது என்பான், கடைசியில் அழுவான். கேட்கும் முன்பே ஒப்புக்கொள்கிற ஆளை ரக்ஷனா இதுவரை பார்த்ததில்லை. இவர் வேறு எதையோ மறைக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

சமையலறை வாசலில் அவர் மனைவி வள்ளிநாயகி நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பார்த்ததுமே ரக்ஷனாவுக்கு மனசு இளகிவிட்டது. பேர் போடாமல் புகார் அனுப்பியது இந்த அக்காதான்.

அந்தப் புகார் அவளுக்கு மனப்பாடம். 'வீட்ல மலைப்பாம்பு இருக்கு. ராத்திரி கட்டில்ல பக்கத்துலயே நீட்டிப் படுத்து, முழுங்குறதுக்கு ஆளை அளக்குது. வாயைப் பெருசாத் திறந்து திறந்து மூடுது. இப்ப கண்ணு வேற வெள்ளையாயிடுச்சு. சீக்கிரம் வாங்க, ப்ளீஸ்.' கட்டில்வரைக்கும் தெரிந்தவர் வீட்டு ஆளாகத்தான் இருக்க வேண்டும். தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்திலிருக்கும் இந்த வீட்டிலோ இரண்டே பேர்.

"பாம்பு யாரோடது?" என்று கேட்டாள்.

"அது வந்து..." வள்ளிநாயகி வாயைத் திறந்தாள்.

"நீ சும்மா இரு," என்று மருதப்பன் வெட்டினார். "என்னுதுதான் மேடம். எல்லாம் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பேசக்கூட விடமாட்டேன் என்கிறாரே மனுஷன். ரக்ஷனாவுக்கு உள்ளுக்குள் கொதித்தது.

அறைக்குள் போய்ப் பார்த்தாள். மருதப்பன் வாசலோடு நின்றுகொண்டார்; வள்ளிநாயகி மட்டும் பின்னாலேயே உள்ளே வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. மனுஷனை விடுங்கள், பூனையைக்கூட அதனால் விழுங்க முடியாது.

"எங்க வாங்குனீங்க?"

"ஜொகூர் பாருல."

"யார்கிட்ட?"

மருதப்பன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு ஆளுகிட்ட."

"ஆளுக்குப் பேரு இல்லையா?"

"மறந்துருச்சு லா."

விற்றவனைக் காப்பாற்றப் பார்க்கிறார். அதுவும் பெண்டாட்டியை மிரட்டுகிற மாதிரி ஒரு பார்வை வேறு. இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்று ரக்ஷனா வள்ளிநாயகியிடம் திரும்பினாள். பாவம், எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாளோ.

"அக்கா, பயப்படாதீங்க. பாம்பு யாரையும் அளக்காது, அதெல்லாம் கட்டுக்கதை. ஏர்கான் குளிருக்கு உடம்புச் சூட்டைத் தேடித்தான் பக்கத்துல வந்து படுக்கும். வாயைத் திறக்கிறது, சாப்பிட்டதும் தாடையைச் சரி பண்ணிக்க. கண்ணு வெள்ளையானா தோல் உரிக்கப் போகுதுன்னு அர்த்தம். சில நாள்ல தானா தெளிஞ்சிரும்."

வள்ளிநாயகி மெல்லத் தலையாட்டினாள். வாசலில் நின்ற மருதப்பன்தான் பதறினார்.

"அப்ப ஒண்ணும் பண்ணாதா மேடம்? நெசமாவா?"

வளர்ப்பதையும் வளர்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி என்ன நடிப்பு. ரக்ஷனா முறைத்தாள். "ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். "அப்படின்னா இங்கயே விட்டுட்டுப் போயிட முடியாதா? ஃபைன் எவ்வளவு போட்டாலும் கட்டிடறேன்."

"வளர்க்கக் கூடாதுன்னா கூடாதுதான், அண்ணே. கோர்ட்டுக்கும் வரவேண்டியிருக்கும்."

ரக்ஷனா பாம்பைப் பக்குவமாகத் தூக்கித் துணிப்பைக்குள் விட்டு முடிச்சுப் போட்டாள். முடிச்சு இறுகியதுதான் தாமதம், வள்ளிநாயகி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள். அடக்கிவைத்த பயமெல்லாம் வெளியே வரட்டும், அழட்டும் என்று ரக்ஷனா விட்டுவிட்டாள்.

"உங்க அடையாள அட்டை, ஐசி எடுத்துட்டு வாங்க," என்று மருதப்பனை அனுப்பினாள். அவர் தளர்ந்த நடையில் அடுத்த அறைக்குப் போனார். இதுதான் சமயம். ரக்ஷனா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தைரியமா இருங்கக்கா. இந்த வீட்லேருந்துதான் புகார் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, நாங்களும் சொல்ல மாட்டோம். நீங்க செஞ்சதுதான் சரி."

அழுகை சட்டென்று நின்றது.

"புகாரா? இந்த வீட்லேருந்தா?"

"ஆமாக்கா. நீங்கதானே..."

வள்ளிநாயகி கையை உருவிக்கொண்டாள். மருதப்பன் ஐசியோடு அறையிலிருந்து வெளியே வந்தார். அவள் அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

"என் பாம்பை நீங்களா காட்டிக் கொடுத்தீங்க?"