மணிக்கொரு தரம்

வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு. புதுப் படிவத்தில் நான்கு கட்டங்களையும் நிரப்பியாயிற்று. ஆற்றில் நட்டுவைத்த ஒற்றை அளவுகம்பத்துக்கு நான்கு எல்லை எதற்கு என்று படிவத்திடம் யார் கேட்பது? வடக்கும் தெற்கும் ஒரே எண், கிழக்கும் மேற்கும் ஒரே எண். அவள் காகிதத்தைப் பார்க்காமலே அடித்துவிட்டாள்.

மீதி இருந்தது ஒரே ஒரு கட்டம். முடிவுத் தேதி.

பழைய படிவத்தில் அதை ஒன்பது ஆண்டுகளாகக் காலியாகவே விட்டிருந்தாள்.

காலியாக விட்டால் 'தொடர்கிறது' என்று கணினி எடுத்துக்கொள்ளும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். தேதி போட்டால் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

மழை, மண், ஆறு, பனி என்று யார் யாரோ அளந்து வைத்ததையெல்லாம், எந்த இடத்தில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை அளந்தது என்று எழுதிவைப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். செய்கிறவர்களுக்குக் கண் பூத்துப்போகும். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போட்ட புண்ணியவான்களால் நல்ல நல்ல ஏரியெல்லாம் நடுக்கடலில் கிடந்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் கரையேற்றியே அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்த மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கையில் அந்த ஆற்று அளவு நிலையத்தின் பழைய நோட்டு. நல்ல மனிதர்தான், எதையும் ஆறப்போடத் தெரியாது. நிலையங்களின் புதுப் பட்டியல் மதியத்துக்குள் வெளியே போயாக வேண்டும். போன பிறகு, தேதிக்கு வெளியே நிற்கும் அளவுகளையெல்லாம் இயந்திரம் தானே வெட்டி எறிந்துவிடும்.

"இன்னும் தொடருதுன்னு எப்படிப் போட்டீங்க? அளவு எடுக்கிற ஆளு ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே பதினாலாம் தேதி வெள்ளத்துல போயிட்டாருன்னு கடிதமே இருக்கே. பதினாலுன்னு போட்டு முடிங்க."

"நோட்டு இருபத்தேழு வரைக்கும் போகுது சார்."

"அதைத்தான் நானும் சொல்ல வர்றேன்."

நோட்டை விரித்துக் காட்டினார். கண் கூர்மையான ஆள், அதில் குறை சொல்ல முடியாது. பதினாலு வரைக்கும் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு. பதினைந்திலிருந்து கையெழுத்து வேறு. ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு சின்னக் கோடு. அதுவும் விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை, மணிக்கொரு தரம், பதின்மூன்று நாள்.

"ரெண்டு தரம் பாக்கச் சொன்னாலே மூக்கால அழுவானுங்க. மணிக்கொரு தரம் எவனாவது போய் ஆத்தைப் பாப்பானா? உக்காந்த இடத்துலேயே அளந்து விட்டிருக்கான்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். ஆனால் அந்தப் பதின்மூன்று நாளும் இன்று மதியம் இல்லாமல் போய்விடும். முடிக்கத்தான் வேண்டுமென்றால் முடிக்கலாம். பதினாலில் மட்டும் வேண்டாம்.

"கீழே பாலத்துல ஒரு அளவு இருக்கு சார். இங்க ஏறினது நாலு மணி நேரம் கழிச்சு அங்க ஏறுது. இறங்குறதும் அப்படித்தான். ஒத்துப் பாருங்க."

அவர் பாலத்து அளவுகளைத் திறந்தார். விரலை வைத்து வரிசை வரிசையாக இறங்கினார். ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார், ஐந்தாவது நாளில் விரலை எடுத்துவிட்டார். எங்கேயும் இடறவில்லை.

"யாரோ பாத்துத்தான் எழுதியிருக்காங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். திருத்தச் சீட்டை அவள் பக்கம் தள்ளினார். "சரி, தேதியை எழுதுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவள் எழுதினாள். இருபத்தேழு என்று எண்ணில். கைப்பழக்கத்தில் ஏழின் இடுப்பில் ஒரு சின்னக் கோடு விழுந்தது.

மேலாளர் சீட்டைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். பேனாவின் மூடியைத் திறந்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவளே சொன்னாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்படியும் கரையில நின்னு தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன் சார். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல்ல நோட்டைத்தான் எடுப்பார். ஒரு கட்டம் காலியா இருந்தாக்கூட என்னைப் பிடிச்சுத் திட்டித் தீத்துடுவார்."

அவர் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகக் கிறுக்குகிறவர், இன்று முழுப் பெயரையும் எழுதினார்.

அவள் கட்டத்தில் தேதியை அடித்தாள். வரைபடத்தில் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமானது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கி வைத்துவிட்டு, போகிற போக்கில் மேலாளர் நின்றார். இந்த ஒன்றை மட்டும் கேட்காமல் அவரால் போக முடியவில்லை.

"இருபத்தேழு காலையில ஏழு மணியோட ஏம்மா நிறுத்திட்டீங்க?"

அடுத்த கோப்பு ஓர் ஏரி. அதையும் யாரோ கடலில் போட்டிருந்தார்கள். அவள் அதைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"அப்பத்தான் சார் அவர் கிடைச்சார்."