மலையிறங்க அனுமதி

எல்லைப் போராட்டத்துக்காகப் போலீஸ் தேடிய என் மகன் ராஜையாவிடம், "பாறசாலையில நம்ம வீட்டுப்படியைப் போலீஸ் மிதிச்சா நாணக்கேடாக்கும், மக்கா. கேஸ் தீந்த பிறகு வந்தாப் போதும்" என்றேன். அவன் போணக்காட்டு வழியாக அகத்தியர் மலையேறி, பாபநாசத்தில் இறங்குவதாக ஏற்பாடு. உச்சிப்பாறையில் வழுக்கி விழுந்தான். வழிகாட்டி மல்லன் காணி சுமந்து வந்த உடலைச் சபைக் கல்லறையில் அடக்கினோம்.

மறுவருடம் வழக்கு தள்ளுபடியானது. அந்த வாரமே மல்லன் வந்தான்.

"மலையிறங்கும்போ ஆளுகளை முன்னால விட்டு எண்ணுவேன், அய்யா. எப்பவும் ஒராள் கூடுதல் உண்டு. கேஸ் தீந்தாச்சா, வீட்டுக்கு வரட்டான்னு கேக்கான்."

அடக்கம் செய்தவன் திரும்பி வந்தால் சபையார் என்ன பேசுவார்கள்?

"தீரல்லன்னு சொல்லுலே."

"இனி நான் சொல்லண்டாம், அய்யா."

மல்லன் வெளிக்கதவைத் திறந்து பிடித்தபடி, ஒருவர் கடந்துபோகும் நேரம் ஒதுங்கி நின்றான். பிறகு அவனும் போனான்.