அடுத்த வருஷத்துக் காலுறை

“சாகறதா இருந்தாலும் பல்லைத் தேய்ச்சிட்டு சாகுங்க. மணி பதினொண்ணு ஆகுது.”

யூலியான் கஞ்சிக் கிண்ணத்தை நாற்காலியில் ‘டக்’கென்று வைத்தாள். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவள் கணவர் டுவான் அசையவில்லை.

“பசிக்கலை.”

“நேத்தும் பசிக்கலை. முந்தாநாளும் பசிக்கலை. பசிக்காத வயித்துக்குக் கஞ்சி வைக்கவா அம்பது வருஷமா அடுப்படியில நிக்கறேன்?”

“எனக்கு எண்பத்திநாலு நடக்குது. எழுபத்திமூணுல தப்பிச்சேன். இதுல தப்ப மாட்டேன். லுவான் தப்பினானா?”

லுவான் அவருடைய சதுரங்கக் கூட்டாளி. இருவரும் ஆலையில் ஒரே உலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். இலையுதிர் காலத்தில், எண்பத்துநாலாவது வயதில், லுவான் போய்விட்டார். காய்களைப் பெட்டியில் போட்டு மூடிய அன்று படுத்தவர்தான் டுவான். அந்தக் குடியிருப்பில் எழுபத்துமூன்று, எண்பத்துநான்கு என்ற இரண்டு வயதுகளையும் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டும் ஆளை இழுத்துக்கொண்டு போகிற வயதுகள். அங்கே பிறந்தநாளில் இல்லை, புது வருஷம் பிறக்கும்போதுதான் எல்லோருக்கும் ஒரு வயது கூடும். டுவான் மட்டும் தினமும் சொன்னார்.

“அவர் நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட் பிடிச்சாரு. அதனால போனாரு. உங்களுக்கு அந்தத் துப்பும் இல்லை.”

டுவான் தலையை லேசாகத் திருப்பினார். “அதென்ன, ருய் அனுப்பின காலுறைதானே? அடுத்த வருஷத்துக்கு உள்ளதை இப்பவே மாட்டிட்டியா?”

வருஷத்துக்கு ஒரு மிருகமாகப் பன்னிரண்டு மிருகங்கள் சுற்றி வரும் சீனக் கணக்கில், வரப்போவது டிராகன் வருஷம். பதிவேட்டில் கணவன், மனைவி இருவருமே டிராகன்கள்தான், பன்னிரண்டு வயது வித்தியாசத்தில். ஒருவர் பிறந்த மிருகத்தின் வருஷம் திரும்பி வரும்போது, உடம்பில் சிவப்பு இருந்தால்தான் கெடுதல் அண்டாது. அதற்காகவே மகள் ருய் இரண்டு ஜோடி சிவப்புக் காலுறை அனுப்பியிருந்தாள்.

“கால் குளிருது, போட்டேன். உங்ககிட்ட அனுமதி வாங்கணுமா?”

“உனக்கு எல்லாத்துலயும் அவசரம். கெண்டை மீனையும் அப்படித்தான் தின்னே.”

அதுவும் உண்மை. துள்ளுகிற மீனைத் தின்றால் அப்பாவும் இந்த வயதைத் துள்ளித் தாண்டிவிடுவார் என்று, போன மாதம் அவர் பிறந்தநாளுக்கு ருய் உயிருள்ள கெண்டை ஒன்றை வீட்டுக்கு வரவழைத்தாள். டுவான் தொடவில்லை. யூலியான் அடுக்களையில் நின்றபடியே வால்வரைக்கும் தின்று முடித்தாள்.

“நீங்க தொடலை. குப்பையில கொட்டியிருக்கணுமா?”

அப்போது கதவு தட்டப்பட்டது. இந்த வருஷத்து முயல் படம் வெளுத்துத் தொங்கிய கதவைத் திறந்துகொண்டு, குடியிருப்பு மருத்துவர் கோங் ஒரு தாளோடு வந்தார். பதினைந்து கேள்விகள்.

“ஐயா, வாழ்க்கை வெறுமையா இருக்கிற மாதிரி தோணுதா?”

“ஆமா.”

“எதுலயாவது ஆசை இருக்கா?”

“நீ சீக்கிரம் கிளம்பணும்னு ஆசை.”

கோங் எழுதிக்கொண்டார். மீதிக் கேள்விகளுக்கும் பதில் இதே தரத்தில்தான் வந்தது. வாசலில் யூலியானிடம் குரலைத் தாழ்த்தினார்.

“பெரியம்மா, இது வீம்பும் இல்லை, சோம்பலும் இல்லை. மனச்சோர்வு. வியாதி. இந்த வயசுல இப்படிச் சாப்பிடாம படுத்தா, இதுவே ஆளைக் கொண்டுபோயிடும். மாத்திரையை எப்படியாவது முழுங்க வைங்க.”

“எப்படியாவதுன்னா? வாத்துக்குத் தீனி திணிக்கிற மாதிரி வாயைப் பிளந்தா?”

கோங் மாத்திரை அட்டையை அவள் கையில் திணித்தார். போய்விட்டார்.

யூலியான் மாத்திரையோடு அறைக்குத் திரும்பினாள்.

“முழுங்குங்க. புது வருஷத்துக்கு முப்பத்தெட்டே நாள். தாண்டிட்டா எண்பத்தஞ்சு. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் படுங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“போற வருஷத்துல மாத்திரை எதுக்கு?”

“மூணு மாசமாக் கெஞ்சறேன். கல்லுகிட்ட கெஞ்சியிருந்தா அது எழுந்து பல்லைத் தேய்ச்சிருக்கும்.”

டுவான் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினார். “உனக்கென்ன, எழுபத்திரெண்டு. அடுத்த வருஷம் எழுபத்திமூணு வரும்ல? அப்பத் தெரியும், கண்ணை மூடவே பயந்துகிட்டுக் கிடக்கறது எப்படின்னு. அதுவரைக்கும் எனக்குப் புத்தி சொல்லாதே.”

யூலியான் மாத்திரையை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த மூன்று மாதத்தில் அவள் அந்த அறையில் உட்கார்ந்ததே இல்லை.

“எனக்கு வந்தாச்சு.”

“எது?”

“முயலுக்கும் டிராகனுக்கும் ஒத்துவராதுன்னு, எங்கம்மா கல்யாணத் தரகர்கிட்ட எனக்கு ஒரு வயசைக் குறைச்சுச் சொன்னாங்க. பதிவேட்டுலயும் அதுவே ஏறிடுச்சு. நான் டிராகன் இல்லை, முயல். எனக்கு இந்த வருஷம்தான் எழுபத்திமூணு.”

டுவான் அவள் காலில் இருந்த சிவப்புக் காலுறையையே பார்த்தார்.

“பயமா இல்லையா உனக்கு?”

“தினமும். ஆனா ரெண்டு பேரும் படுத்துட்டா கஞ்சி யாரு வைக்கறது?”

டுவான் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவள் கையிலிருந்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்:

“அந்த இன்னொரு ஜோடியை எங்க வச்சிருக்கே?”