இரண்டு குதிகால்கள்

"கொடியைப் பிடிச்சுக்கிட்டு டான்ஸா ஆடுறே?"

தலைமை ஆசிரியர் ஃபெர்மின் மைக்கில் போட்ட சத்தத்தில் நானூறு பிள்ளைகளும் திடுக்கிட்டார்கள்.

மெக்சிகோவின் நவோஹோவா ஊரில் செப்டம்பர் வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. திங்கட்கிழமைக் கொடி வணக்கம். நாட்டுப்பற்றைப் பற்றி அவர் பேச ஆரம்பித்து அரை மணி நேரம். அதற்குள் மூன்று பேர் சுருண்டு விழுந்து நிழலுக்குப் போய்விட்டார்கள்.

கொடியோடு முன்னால் நின்ற யுரிடியா கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படிப்பில் முதலாவதாக வருபவருக்குத்தான் கொடி. பதினாறாம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் அவள் கொடியோடு நடப்பதைப் பார்க்க, அம்மா தக்காளித் தோட்டத்தில் லீவு கூடச் சொல்லிவிட்டாள்.

"குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குனதை நான் பாக்கலைன்னு நினைச்சியா?"

"மயக்கமா வந்துச்சு சார்..."

அறிவியல் டீச்சர் ரெய்முண்டா முன்னால் வந்தார்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். அசையாம நின்னா ரத்தம் கால்லயே தேங்கிடும். இதயத்துக்குத் திரும்பி வர்றது குறைஞ்சா, அது பாவம், இருக்கிறதை வச்சு ஒப்பேத்தப் படபடன்னு அடிச்சுக்கும். ஒத்திகையில இவ நாடித் துடிப்பு நூத்தி இருபது. குதிகாலைத் தூக்கி இறக்கினா கெண்டைக்கால் ரத்தத்தை மேல தள்ளும். துடிப்பும் அடங்கும்."

"கொடிக்கு மரியாதை குடுக்கத் தெரியாதவளுக்கு விஞ்ஞானம் ஒரு கேடா? எனக்கு அம்பத்தெட்டு வயசு. நான் அசையுறேனா?"

அசையவில்லைதான். மேடையில், தரைவரை மூவர்ணத் துணி போர்த்திய மேசைக்குப் பின்னால் மனிதர் சிலையாக நின்றார்.

"கொடியைப் பக்கத்துல நிக்கிற லூசியோகிட்டக் குடு. இனி அது உனக்குக் கிடையாது!"

யுரிடியா கொடுத்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"இவளை வரிசையில விட்டா மத்ததுகளும் கெட்டுப் போகும் சார்," என்றார் ரெய்முண்டா. "அடுத்த வாரத்திலேர்ந்து மேடைக்குப் பின்னாடி நிறுத்திடலாமா?"

"அப்படிச் சொல்லுங்க! யார் கண்ணுலயும் படாம நிக்கட்டும்."

டீச்சரும் கைவிட்டுவிட்டாரே என்று யுரிடியா அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த திங்கள். மேடைக்குப் பின்னால் யுரிடியா. மேடையில் ஒழுக்கத்தைப் பற்றி ஃபெர்மின்.

தண்ணீர் குடிக்கத் திரும்பியவர் அவளைப் பார்த்தார். அவள் எங்கே பார்க்கிறாள் என்பதையும் பார்த்தார். புரை ஏறியது.

பேச்சு சட்டென்று முடிவுக்கு வந்தது.

"நம் பள்ளி மன்னிக்கத் தெரிந்த பள்ளி. பதினாறாம் தேதி யுரிடியாவே கொடி பிடிப்பாள்!"

கைதட்டல் வானைத் தொட்டது. பேச்சு முடிந்த சந்தோஷம்.

யுரிடியா டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர்! மேசைக்குப் பின்னாடி அவரு ஷூவைக் கழட்டிப் போட்டுட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குறாரு! அப்படியே நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி!"

"அவருக்கும் நான்தான்டி சொல்லிக் குடுத்தேன். போன வருஷம் கொடி வணக்கம் முடிஞ்சதும் ஆபீஸ் ரூம்ல பொத்துன்னு விழுந்தாரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

ரெய்முண்டா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அதான், நான் யார்கிட்டயும் சொல்லலை. பாக்குற இடத்துல உன்னை நிறுத்தினேன்."