சீர் பீரோ

"பாய், பழசுன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரியவே கூடாது. மாப்பிள்ள ஒத்த மகன், அவருக்கு மொதக் கல்யாணம், பெரிய எடம்!" என்று, மகளின் சீருக்குப் பீரோ எடுக்க வந்த பால்ச்சாமி கெஞ்சினார்.

"எம் பெயிண்டு வாயத் தொறக்காது அண்ணாச்சி," என்றார், ராஜபாளையத்தில் பழைய பீரோக்களைப் புதுசாக்கி விற்கும் பக்கீர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பக்கீர் தயங்கித் தயங்கித்தான் பீரோவை இறக்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா பீரோவைத் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்தவள் பக்கீரைக் கண்டதும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"புத்தம் புதுசு சம்பந்தி! பாயையே கேளுங்க," என்றார் பால்ச்சாமி.

போன மாதம் இதே வாசலில், "தீயில செத்த மருமகளோடது. இனி எதுக்கு?" என்று அவள் விற்ற பீரோவைத்தான் பக்கீர் மூன்று நாள் கரி சுரண்டிப் பெயிண்ட் அடித்திருந்தார்.

"புதுசுதாம்மா," என்றார் பக்கீர்.