மலை தெரியும் அறை

செங்கம் சாலை விடுதியின் வரவேற்பு மேசைமீது மூன்று சாவிகள் மாலை வெயிலில் மின்னுகின்றன. முழங்கால் தேய்ந்து கிரிவலத்தைக் கைவிட்ட சந்திரகலா, அறைச் சன்னலிலிருந்தேனும் மலையைக் கண்ணாரக் காணும் ஒரே ஆசையோடு நிற்கிறாள். "மலை தெரியற ரூம் எதுங்க?" என்கிறான் தம்பி சுரேஷ்குமார். "மாடியில ரெண்டுதான் சார், வாடகை ஜாஸ்தி. கீழ கம்மி" என்கிறார் மேலாளர். "மாடியில ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு பசங்களுக்கு. அக்காவுக்குக் கீழயே போதும், பாவம், படி ஏற முடியாது." அவன் மனைவி ஆர்த்தி புன்னகைக்கிறாள்: "அண்ணி எதுனாலும் அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க." "லிஃப்ட் இருக்குதுங்க" என்று மேலாளர் சொல்வது ஒருவர் காதிலும் விழவில்லை. பெட்டிகளோடு அவர்கள் அதே லிஃப்டில்தான் ஏறுகிறார்கள். சந்திரகலா கீழ் அறையின் சன்னலைத் திறக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் ஜெனரேட்டர் அறையின் சுவர், புகை படிந்து, வியர்த்தாற்போல் நிற்கிறது. "அக்கா, ரூம் வசதியா இருக்குதா?" மேலிருந்து தம்பியின் குரல் இறங்குகிறது. "நல்லா இருக்குதுடா." தலைக்கு நேர் மேலே பிள்ளைகளின் அறையில் தொலைக்காட்சி அலறுகிறது. "அப்பா, வெளிச்சத்துல டிவியே தெரியல, ஸ்கிரீனை இழுத்து வுடுங்க!" கம்பியில் வளையங்கள் கிறீச்சிட்டு ஓட, மலையின் குறுக்கே திரை மூடிக்கொள்கிறது.